வேர்க்கும் மண், வேர்க்காத மண்

எங்கள் வீட்டில் இரண்டு தொழில் நடந்தது. அப்பா விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் சூளை பார்த்தார். அம்மா கடைத்தெருவில் சாக்கு விரித்துப் பழம் விற்றாள். அப்பாவின் சம்பளம் வாடகைக்கும் அரிசிக்கும் சரியாகிவிடும். பள்ளிக்கூடப் பை, தீபாவளித் துணி, மருந்துச் செலவு எல்லாம் அம்மாவின் சாக்கிலிருந்துதான் வர வேண்டும். அதனால் பொழுது சாய்ந்தபின் கூடையில் என்ன மிஞ்சி வருகிறது என்பது வீட்டில் எல்லோரும் பார்க்கிற கணக்கு. கொய்யா மிஞ்சினால் மறுநாள் தள்ளிவிடலாம். கனிந்த சப்போட்டா மிஞ்சினால் நாங்கள்தான் தின்றாக வேண்டும். இன்றைக்கும் சப்போட்டாவைக் கண்டால் எனக்கு முகம் சுளிக்கும்.

அப்பாவின் வேலை, சுருக்கமாகச் சொன்னால், மண்ணிலிருந்து தண்ணீரை விரட்டுவது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே படிந்து கிடக்கும் வெள்ளைக் களிமண் லாரியில் வந்து இறங்கும். அதை அரைத்துக் கூழாக்கி பிளாஸ்டர் அச்சில் ஊற்றினால், அச்சு பாதித் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். காற்றும் வெயிலும் மிச்சத்தைக் கொண்டுபோகும். முதல் சூட்டில், ஏறக்குறைய 900 டிகிரியில், மண்ணுக்குள்ளேயே கட்டுண்டு கிடந்த தண்ணீரும் போய்விடும். இந்த நிலையில் இருக்கும் சாமானுக்குப் பட்டறையில் பிஸ்கட் என்று பெயர். பிறகு கிளேஸில் முக்கி எடுத்து 1,200 டிகிரி அளவில் இன்னொரு சூடு. அதோடு துளைகள் எல்லாம் அடைபட்டு மேல்தோல் கண்ணாடியாகிவிடும். ஊறுகாய் ஜாடிக்கும், மின்சார பியூஸ் கட்டைக்கும் அதுதான் வேண்டும். ஒரு சொட்டு உறிஞ்சினாலும் ஜாடி கெட்டது, பியூஸ் கட்டை ஆபத்து. அப்பா விரலால் சுண்டிப் பார்ப்பார். கணீரென்றால் பக்கத்தில் அடுக்குவார், பொத்தென்றால் பின்னால் எறிவார்.

பட்டறைப் பிள்ளைகளுக்கு இன்னொரு சோதனையும் தெரியும். பிஸ்கட் துண்டை நாக்கில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். கிளேஸ் போட்டது வழுக்கும்.

எறிந்தவற்றில் கீறல் விழுந்த பிஸ்கட் ஜாடிகளைத்தான் அம்மா கேட்டு வாங்கினாள். வாய் அகன்ற பெரிய ஜாடிகள். துளசி வைக்கலாம் என்று அப்பா சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்தவை. அம்மா அவற்றைப் பூவரச மரத்தடியில் மணிமுத்தாற்று மணலில் கழுத்துவரை புதைத்தாள். காலையும் ராத்திரியும் மணல்மேல் தண்ணீர் தெளிப்பாள். வாயை ஈரச் சாக்கால் மூடுவாள். உள்ளே கொய்யா, எலுமிச்சை, செங்காயாக இருக்கும் சப்போட்டா. சித்திரை வெயிலில் ஊரே 40 டிகிரியில் வெந்துகொண்டிருக்கும்போது, ஜாடிக்குள் கையை விட்டால் சில்லென்று இருக்கும். சாக்கில் ஒரே நாளில் சுருங்கிப்போகும் கொய்யா அதற்குள் மூன்று நாள் தோல் தளராமல் கிடக்கும்.

“உருப்படியா சுட்ட ஜாடிய விட உடைஞ்ச ஜாடிதான் உனக்கு ஒசத்தி” என்பார் அப்பா.

“உங்க ஜாடி வேர்க்காதுங்க. வேர்க்காததுல வச்சா பழம் புழுங்கிப் போயிடும்.”

நான் பிற்பாடு வேதியியல் படித்துப் பள்ளிக்கூட வாத்தியார் ஆனேன். அம்மா சொன்ன அந்த ஒரு வரியைப் பாடமாக நடத்த எனக்கு இரண்டு பீரியட் ஆகும். பறித்துவிட்டதால் பழம் செத்துவிடுவதில்லை. மரத்திலிருந்து வந்துகொண்டிருந்த சர்க்கரையும் தண்ணீரும் நின்றுவிட்டன, அவ்வளவுதான். மூச்சு மட்டும் நிற்கவில்லை. இருப்பில் உள்ள சர்க்கரையை எரித்து, கரியமில வாயுவும் சூடும் ஆவியும் விட்டுக்கொண்டே இருக்கிறது. பத்து டிகிரி சூடு ஏறினால் அந்த மூச்சு இரண்டு மடங்காகும், சில பழங்களில் மூன்று மடங்கும் ஆகும். கெடாமல் வைப்பது என்றால் மூச்சை அடக்குவது அல்ல, மெதுவாக்குவது. முழுக்க அடைத்தால் உள்ளே பிராணவாயு தீர்ந்து, பழம் சாராய வாடை அடிக்கத் தொடங்கும். கிளேஸ் ஜாடியில் மூடி போட்டு வைத்த பழம் புழுங்குவது இதனால்தான். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாவதற்குச் சுமார் 2,400 கிலோஜூல் சூடு வேண்டும். பிஸ்கட் ஜாடியின் துளைகள் வழியே கசிந்து ஆவியாகும் தண்ணீர், அந்தச் சூட்டை ஜாடியிலிருந்தும் பழத்திலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. கூடவே உள்காற்று ஈரமாகவே இருப்பதால் தோலும் சுருங்குவதில்லை.

1980-களின் தொடக்கத்தில் டெல்லி பூசா வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் ராயும் குர்தியாவும் வடிவமைத்த குளிர் அறை இதே ஏற்பாடுதான். இரண்டு செங்கல் சுவர், நடுவில் ஆற்று மணல், மணலில் தண்ணீர், மேலே ஒரு தட்டி. கரண்டு வேண்டாம். வட இந்தியக் கோடையில் வெளிச் சூட்டைவிட 10 முதல் 15 டிகிரி வரை உள்ளே குறையும் என்று அளந்திருக்கிறார்கள். பூசாவில் என்ன நடக்கிறது என்று அம்மாவுக்குத் தெரிய வழியில்லை. குடிதண்ணீர்ப் பானை எங்கள் எல்லோர் வீட்டிலும் இருந்தது. அதற்குள் தண்ணீருக்குப் பதில் பழத்தை வைக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. ஐப்பசி மழையில் இந்த வித்தை பலிக்காது என்பதும் அவளுக்குத் தெரியும். காற்றே நனைந்திருக்கும்போது எது எங்கே ஆவியாகும்? அந்த மாதங்களில் ஜாடிக்குள் வைத்தால் பூசணம்தான் பிடிக்கும். தீபாவளிக்கு முன்னால் எல்லாவற்றையும் கவிழ்த்து வைத்துவிடுவாள்.

வாழைப்பழம் வேறு கதை. அதற்குத் தள்ளிப்போடவும் தெரிய வேண்டும், முன்னே இழுக்கவும் தெரிய வேண்டும். பழமலைநாதர் கோயிலில் மாசி மகம் என்றால் சுற்றுப்பட்டுக் கிராமமே ஆற்றில் இறங்கும். அன்று காலையில் பழம் மஞ்சளாக இருக்க வேண்டும். முந்தின நாள் பழுத்தாலும் நஷ்டம், மறுநாள் பழுத்தாலும் நஷ்டம். மூட்டம் போடுகிற பெரியவர் ஒருவர் எங்கள் தெருக்கோடியில் இருந்தார். தாரைக் கையில் வாங்கியதும் காயின் விளிம்பைத் தடவிப் பார்ப்பார். விளிம்பு மழுங்கியிருந்தால் முற்றல். கூர்மையாக இருந்தால், “இது பழுக்காதும்மா, வெம்பும்” என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். வாங்கிய தார்களை இருட்டறையில் அடுக்கி, பானையில் காய்ந்த சருகையும் தென்னை மஞ்சியையும் கனலவிட்டு, புகையை உள்ளே ஊதி, கதவிடுக்கை மண் குழைத்துப் பூசிவிடுவார். கோடை என்றால் ஒரு நாள். மார்கழி என்றால் அதைவிடக் கூடுதல்.

அந்தப் புகைக்குள் இருந்தது எத்திலீன். கலிபோர்னியாவில் எலுமிச்சை வியாபாரிகளும் மண்ணெண்ணெய் அடுப்பு எரிந்த அறையில்தான் பச்சைக் காயை மஞ்சளாக்கிக்கொண்டிருந்தார்கள். சூடுதான் காரணம் என்று நம்பினார்கள். சூடு அல்ல, அடுப்பு விடும் எத்திலீன்தான் என்று டென்னி 1924-இல் காட்டினார். பழமே அந்த வாயுவை உண்டாக்குகிறது என்பதை 1934-இல் இங்கிலாந்தில் கேன் நிறுவினார். வாழை, மா, பலா, சப்போட்டா, கொய்யா எல்லாம் பறித்த பிறகும் பழுப்பவை. ஒன்று பழுக்கத் தொடங்கினால் அது விடும் வாயு பக்கத்துக் காயையும் எழுப்பிவிடும். திராட்சை, ஆரஞ்சு, மாதுளை அப்படி அல்ல. எந்த நிலையில் பறித்தோமோ அந்த இனிப்புதான். அரிசிப் பானையில் மாங்காயைப் புதைத்து வைத்த ஆயாமார்கள் செய்தது, காயின் வாயுவைக் காய்க்கே திருப்பிக் கொடுத்தது. அம்மா தினமும் விடியற்காலையில் கூடையைக் கவிழ்த்து ஒவ்வொரு பழமாகப் பார்த்து, கனிந்ததை வெளியே எடுப்பதும் இதே கணக்குத்தான், தலைகீழாக.

பிறகு கல் வந்தது. கார்பைட் கல். சேலம் பாசஞ்சரில் மாங்காய் வந்து இறங்கும் காலத்தில், சில குடோன்களில் காகிதப் பொட்டலமாகக் கட்டிக் கூடைக்கு நடுவில் வைத்துவிடுவார்கள். ஈரம் பட்டதும் அசிட்டிலீன் வரும், ஒரே ராத்திரியில் தோல் மஞ்சளாகும். உள்ளே காய் காயாகவே இருக்கும். தொழிற்சாலைக்கென்று செய்த கல்லில் ஆர்சனிக்கும் பாஸ்பரஸும் கலந்திருப்பதால் உணவுப் பாதுகாப்பு விதிகளில் அதற்குத் தடை. 2016-இல் அதற்கு மாற்றாக, மூடிய அறையில் பத்து லட்சத்தில் நூறு பங்குவரை எத்திலீன் வாயுவைப் பயன்படுத்த அனுமதித்தார்கள். எத்திலீன் என்றதும் பலர் முகம் கோணுகிறது. கல்லையும் எத்திலீனையும் ஒரே தராசில் வைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒன்று பழத்தின் சொந்த மூச்சு, இன்னொன்று வெல்டிங் பட்டறைச் சரக்கு. ஆனால் முற்றாத காயைப் பறித்துவிட்டு எத்திலீன் அறையில் வைத்தாலும் அது வெம்பல்தான். பெரியவர் தடவிப் பார்த்த விளிம்பை எந்த வாயுவாலும் மழுங்கவைக்க முடியாது.

ஐஸ் பெட்டி வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு காலத்தில் ஊரில் நம்பிக்கை இருந்தது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கூல்டிரிங்ஸ் கடைக்காரர் ஒருவர் மிஞ்சிய வாழைச் சீப்புகளைத் தம் பெட்டியில் வைத்துப் பார்த்தார். மறுநாள் காலையில் அத்தனையும் கறுத்துக் கிடந்தன. 13 டிகிரிக்குக் கீழே போனால் வாழைக்குத் தோல் செல்கள் சேதமாகும். மாம்பழத்துக்கும் ஏறக்குறைய அதே எல்லைதான். வெப்ப மண்டலத்தில் பிறந்த பழங்களுக்கு ஆப்பிளின் குளிர் ஆகாது. அம்மாவின் வேர்க்கும் ஜாடி அந்த எல்லைக்குக் கீழே போக முடியாது. அதன் பலவீனம் என்று யாரும் சொல்லக்கூடிய அதுவே எங்கள் ஊர்ப் பழங்களுக்குப் பாதுகாப்பாக இருந்தது.

லூதியானாவில் உள்ள அறுவடைக்குப் பிந்தைய தொழில்நுட்ப மத்திய நிறுவனம் 2015-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, இந்தியாவில் அறுவடையிலும் அதன் பின்னரும் அதிகம் வீணாகும் பழம் கொய்யா, 15.88 சதவீதம். மாம்பழத்துக்கு 9.16. பார்த்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இந்த எண்கள் அழுகிக் குப்பைக்குப் போன எடையைச் சொல்கின்றன. காலையில் ஒரு விலைக்கு விற்ற கொய்யாவை, தோல் தளர்ந்ததால் சாயங்காலம் பாதி விலைக்குக் கொடுத்தாளே அம்மா, அது எந்தக் கணக்கிலும் வராது. தரம் குறைவதுதான் சிறு வியாபாரியின் முதல் நஷ்டம். அழுகல் அதற்கப்புறம்.

வேர்க்கும் மண்ணையே விற்பனைப் பொருளாக்கியவர்களும் உண்டு. குஜராத்தில் மோர்பிக்கும் வாங்கானேருக்கும் நடுவே ஓடும் சாலையில் எங்கு பார்த்தாலும் டைல்ஸ், பீங்கான் தொழில்தான். வாங்கானேரைச் சேர்ந்த மன்சுக்பாய் பிரஜாபதி குயவர் குடும்பத்தில் பிறந்தவர். 2001 பூகம்பத்துக்குப் பிறகு, உடைந்த பானை ஒன்றின் படத்தைப் போட்டு ‘ஏழையின் பிரிட்ஜ் உடைந்தது’ என்ற பொருளில் ஒரு பத்திரிகை எழுதியதைப் பார்த்து, மண்ணிலேயே கரண்டில்லாப் பெட்டி ஒன்றைச் செய்யத் தொடங்கினார். சில ஆண்டுகளில் மிட்டிகூல் என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. மேல்தட்டில் தண்ணீர், அது சுவர் வழியே கசியும், கீழ்த்தட்டில் காய்கறி, பழம். நைஜீரியாவில் இன்னொரு குயவர் வீட்டுப் பிள்ளை, முகம்மது பா அபா, ஒரு பானைக்குள் இன்னொரு பானையை வைத்து நடுவில் ஈர மணலைக் கொட்டி, அந்த ஊர்ச் சந்தை வியாபாரிகளுக்குக் கொடுத்தார். 2000-ஆம் ஆண்டு ரோலெக்ஸ் விருது அவருக்குக் கிடைத்தது.

விருத்தாசலத்தில் மண்ணுக்குப் பஞ்சமில்லை, சூளைக்குப் பஞ்சமில்லை, செராமிக் படிப்புக்கென்றே ஒரு கல்லூரி உண்டு. பழமும் பக்கத்திலேயே, பண்ருட்டிப் பலா ஒரு மணி நேரப் பயணம். இருந்தும் அப்படியொரு பொருள் இங்கிருந்து வரவில்லை. ஏன் என்று நான் அப்பாவிடம் கேட்டிருக்கிறேன். “நாங்க படிச்சதெல்லாம் துளைய அடைக்கிறதுக்குடா. துளையோட விக்கிறதுக்கு யாரு ஆர்டர் குடுத்தா?” என்றார். நியாயமான பதில். செராமிக் தொழில் தன் திறமையை அளந்ததே எவ்வளவு தண்ணீர் உறிஞ்சாமல் இருக்கிறது என்பதை வைத்துத்தான். அம்மாவுக்குத் தேவைப்பட்டது, அந்த வேலை பாதியில் நின்றுபோன சாமான்.

அம்மாவின் இடத்தில் இப்போது தம்பி கடை வைத்திருக்கிறான். சாக்கு போய், தகரக் கொட்டகையும் பிளாஸ்டிக் கிரேட்டும் வந்துவிட்டன. அவனுக்கு நான் செய்துகொடுத்தது ஒன்று உண்டு. உடைந்த பிஸ்கட் ஓடுகளைச் சிறு துண்டுகளாக்கி, பொட்டாசியம் பர்மாங்கனேட் அடர் கரைசலில் ஊறவைத்துக் காயப்போட்டால், ஊதா நிறம் துளைகளுக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். அதைத் துணிப் பொட்டலமாகக் கட்டி, பச்சை வாழைச் சீப்போடு பாலித்தீன் பைக்குள் வைத்துக் கட்டிவிட வேண்டும். பழத்தில் படக் கூடாது. காய் விடும் எத்திலீனை அது எரித்துவிடும். ஊதா மங்கிப் பழுப்பானால் சரக்குத் தீர்ந்தது என்று பொருள். உலகெங்கும் இதற்கு அலுமினா உருண்டைகளையும் ஜியோலைட்டையும் பயன்படுத்துகிறார்கள். எங்கள் ஊரில் சூளைக்குப் பின்னால் குவிந்து கிடக்கும் ஓடே போதும். திறந்த கடையில் வைத்தால் பலன் இல்லை, பை மூடியிருக்க வேண்டும். தம்பி முதலில் நம்பவில்லை. இப்போது கல்யாண ஆர்டர் வந்தால் அவனே கேட்டு வாங்கிப்போகிறான்.

கோவை வேளாண் பல்கலைக்கழகம் கனடாவின் குயெல்ஃப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து செய்த வேலை இன்னும் ஒரு படி மேலே. 2012 வாக்கில் தொடங்கியது. ஹெக்சனால் என்றொரு பொருள், புல்லை அறுத்தால் வரும் பச்சை வாசனையில் இருப்பது. அதைக் கலந்த கரைசலைப் பறிப்பதற்கு ஒரு மாதம் முன்னும், பதினைந்து நாள் முன்னும் மாங்காய்மேல் தெளித்தார்கள். செல் சவ்வைக் கரைக்கும் பாஸ்போலிபேஸ் டி என்ற நொதி அடங்குவதால் பழம் தளர்வது தள்ளிப்போகிறது. கிருஷ்ணகிரித் தோப்புகளில் சோதித்தார்கள். இலங்கையிலும் ஒரு நிறுவனம் இதில் பங்கெடுத்தது. விளைச்சல் குவிந்து விலை விழும் வாரத்தைத் தாண்டி மரத்திலேயே காயை நிறுத்தி வைக்க முடிந்தால், விவசாயிக்கு அதைவிடப் பெரிய கிடங்கு ஏது?

இத்தனையும் சொன்னேன், எங்கள் மண்ணின் சொந்தப் பழத்துக்கு மட்டும் இவை ஒன்றும் உதவவில்லை. முந்திரிப் பழம். மாசியில் தொடங்கி வைகாசிவரை எங்கள் பக்கத்துக் கொல்லைகளில் மரத்தடியெல்லாம் மஞ்சளும் சிவப்புமாகக் கிடக்கும். கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு பழத்தை அங்கேயே போட்டுவிடுவார்கள். எடையில் கொட்டையைப்போல ஐந்து மடங்குக்கும் மேலே இருக்கும் பழம் அது. ஆரஞ்சைவிடப் பல மடங்கு வைட்டமின் சி. அம்மா அதையும் விற்றிருக்கிறாள். இருட்டோடு அத்தை கொல்லைக்குப் போய், மரத்திலிருந்தே பறித்து, பூவரச இலை பரப்பிய கூடையில் ஒரே அடுக்காக வைத்து முதல் பஸ்ஸில் கொண்டுவருவாள். நறுக்கி உப்பும் மிளகாய்த்தூளும் தூவி, பத்து மணிக்குள் விற்றாக வேண்டும். அதற்கு மேல் வெயில் ஏறினால் தோல் கசிந்து, பழம் புளித்த வாடை அடிக்கும். வேர்க்கும் ஜாடியில் வைத்தும் பார்த்தாள். ஒரு பொழுது கூடுதலாக நின்றது, அவ்வளவுதான். காகிதம் மாதிரித் தோல் இருக்கும் பழத்தை ஈரத்தில் வைத்தால் பூசணத்துக்குக் கொண்டாட்டம்.

இந்த மரத்தின் தாய்நாடான பிரேசிலில் இதைத் தட்டில் அடுக்கி, மெல்லிய பிளாஸ்டிக் உறை போட்டு, 5 டிகிரிக் குளிரில் வைத்துக் கடைகளில் விற்கிறார்கள். பத்து நாளுக்கு மேலும் தாங்குகிறது. எட்டிப் பறிக்கிற உயரத்துக்குக் குட்டை மரங்களையே அங்கு தேர்ந்து வளர்த்தார்கள். கோவாவில் ஃபெனி காய்ச்சுகிறார்கள். கேரளத்து வேளாண் பல்கலைக்கழகம், ஜவ்வரிசிக் கஞ்சியைச் சாற்றில் கலந்து தொண்டை காறும் டானினைப் படியவைக்கும் முறையைச் சொல்லிக்கொடுக்கிறது; தெளிந்த சாறு பானமாகும். விருத்தாசலத்து வேளாண் ஆராய்ச்சி நிலையம் வி.ஆர்.ஐ. 3 என்ற ரகத்தைக் கொடுத்தது, நாடு முழுக்கப் பேர் வாங்கியது. கொட்டைக்காகத்தான்.

2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் அத்தை கொல்லையை வேரோடு புரட்டியது. கடலூர் மாவட்டத்து முந்திரிக்கும் பலாவுக்கும் அதற்கு முன் அப்படி ஒரு அடி விழுந்ததை நான் பார்த்ததில்லை. புதிதாக ஒட்டுக்கன்று வைத்துக் காய்ப்புக்கு வந்தபிறகு, ஒரு பங்குனியில் அத்தையிடம் பிரேசில் கதையைச் சொன்னேன். கவாத்து செய்து மரத்தைக் குட்டையாக வைத்திருக்கிறாயே, கையாலேயே பறிக்கலாமே என்றேன்.

அத்தை கொட்டை பொறுக்குவதை நிறுத்தவில்லை. “கீழ விழுந்தத பொறுக்க மூணு நாளைக்கு ஒருவாட்டி வந்தா போதும். கையால பறிக்கணும்னா தினம் விடியறதுக்குள்ள ஆளு வரணும். அந்தக் கூலிய கொட்ட வியாபாரி குடுப்பானா? பழத்துக்குன்னு ஒருத்தன் ஐஸ் வண்டியோட கொல்ல வாசல்ல நிக்கட்டும், அன்னிக்கே பறிச்சுக் குடுக்கறேன்.”

அம்மாவும் பக்கத்தில் நின்றாள். என் பக்கம் பேசுவாள் என்று பார்த்தேன். “அவ சொல்றதுதான் சரி. பத்து மணிக்குள்ள எத்தனை கூட வித்துட முடியும் இந்த ஊருல?” என்றாள். பிறகு இருவரும் அந்த வருஷம் கொட்டை மூட்டைக்கு என்ன விலை போகும் என்று பேசத் தொடங்கிவிட்டார்கள்.